1 லட்சம் ரூபாயும் 18 மீட்டர் ஆழமும்: கடலுக்கடியில் படமெடுக்க முதல் கேமரா எது?

போன ஆகஸ்டில் என் மச்சினன் போன் செய்தான். ஏப்ரலில் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற முதல் கட்ட ஸ்கூபா பயிற்சியை முடித்திருந்தான், ஜனவரியில் அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் போக டிக்கெட்டும் போட்டாயிற்று, கேமரா ஒன்றுதான் பாக்கி. "மாமா, ஒரு லட்சம் எடுத்து வச்சிருக்கேன், எது வாங்கட்டும்?" என்றான். கேமராவுக்கு மட்டும் ஒரு லட்சமா, எல்லாத்துக்கும் சேர்த்தா என்று கேட்டேன். "எல்லாம்னா?" என்றான். அன்றைக்கு முக்கால் மணி நேரம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இதில் பெரிய ஆள் கிடையாது, சனி ஞாயிறில் ஈசிஆரில் வண்டியை விட்டுப் போய் முங்கிவிட்டுத் திரும்புகிறவன். ஆனால் கீழே வரும் வழிகளில் மூன்றில் சொந்தக் காசைப் போட்டிருக்கிறேன், ஒன்றில் காசை நிஜமாகவே தண்ணீரில் போட்டிருக்கிறேன்.

கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் சொல்லும் மெகாபிக்சலையும் ஜூமையும் நம்பி ஏமாறுவோம். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்தாறு மீட்டர் இறங்கினாலே சிவப்பு பெரும்பாலும் போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 18 மீட்டரில் நிற்கும்போது மிஞ்சுவது நீலமும் பச்சையும்தான். நம் மூளை அதைத் தன் பாட்டுக்கு ஈடுகட்டிக்கொள்ளும், அதனால் கீழே இருக்கும்போது எல்லாம் வண்ணமயமாகத்தான் தெரியும். மேலே வந்து படத்தைப் பார்த்தால் எல்லாம் நீலச் சாம்பல். இன்னொன்று, நிறம் தேய்வது ஆழத்தால் மட்டுமில்லை. மூன்று மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு நான்கு மீட்டர் தள்ளிப் போகிற கிளிமீனை எடுத்தால், வெளிச்சம் மேலிருந்து மூன்றும் பக்கவாட்டில் நான்குமாக ஏழு மீட்டர் தண்ணீரைக் கடந்துதான் லென்ஸுக்கு வருகிறது. இதைப் பலர் யோசிப்பதில்லை.

அப்புறம் தண்ணீரில் மிதக்கிற தூசி. புதுச்சேரிப் பக்கம் தண்ணீர் ஒரு நாள் பதினைந்து மீட்டர் தூரம் வரை தெரியும், மறுவாரமே கலங்கி, நீட்டிய கை தெரியாமல் போகும். அந்தத் தூசிக்கு நடுவே ஜூம் போடுவது மார்கழிப் பனியில் தூரத்து விளக்குக் கம்பத்தை எடுப்பது மாதிரி. மூன்றாவதாக ஒளிவிலகல்: மாஸ்க்கின் தட்டைக் கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், எனவே மீனுக்குக் கிட்டே வந்துவிட்டோம் என்று நினைப்போம், வந்திருக்க மாட்டோம். அதே விஷயம் கேமராவின் தட்டையான முகப்புக்கும் பொருந்தும், 24 மி.மீ. அகல லென்ஸ் உள்ளே போனதும் கிட்டத்தட்ட 32 மி.மீ. மாதிரி ஆகிவிடும்.

ஆகவே கீழே படம் எடுப்பதென்றால் கிட்டே போக வேண்டும், முடிந்தால் ஒரு மீட்டருக்குள், கூடவே சொந்த வெளிச்சம் கொண்டுபோக வேண்டும். நான் ஒவ்வொரு வழியையும் எடைபோடுவது இந்தக் கணக்கில்தான்: எவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகும், விளக்கு மாட்ட முடியுமா, எத்தனை மீட்டர் தாங்கும், தண்ணீர் உள்ளே போனால் என்ன கதி.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கான ஐபி68 என்ற தரக்குறி எழுதியிருப்பதைப் பார்த்துக் கடலில் இறக்காதீர்கள். அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் செய்வது. ஐபோன் 12-இலிருந்து ஆறு மீட்டர், முப்பது நிமிடம் என்று ஆப்பிள் சொல்கிறது, ஆனால் தண்ணீர் புகுந்து கெட்டால் வாரன்ட்டி கிடையாது என்பதையும் சேர்த்தேதான் சொல்கிறது. தொடுதிரையோ தண்ணீருக்குள் பேச்சைக் கேட்காது. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வது படகில் சாரல் அடிக்கும்போது சரி, அதற்கு மேல் வேண்டாம். பட்டன் வைத்து ப்ளூடூத்தில் இயங்கும் முறையான போன் ஹவுசிங்குகள், அதாவது தண்ணீர் புகாத கெட்டிப் பெட்டிகள், இருக்கின்றன, 40 மீட்டர் வரை தாங்குபவையும் உண்டு, படமும் நன்றாகவே வருகிறது. ஆனால் ஊருக்குத் திரும்ப வேண்டிய டிக்கெட், வங்கிக் கணக்கு, அம்மாவின் நம்பர் எல்லாம் அதே போனில் இருக்கும்போது அதை 18 மீட்டருக்குக் கொண்டுபோகிற தைரியம் எனக்கு இல்லை.

கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமராக்கள் இன்னொரு வழி. டைவ் படகில் பத்துப் பேரில் ஆறு பேர் கையில் இதுதான் இருக்கும், காரணமும் உண்டு. சின்னது, விலை பரவாயில்லை, கோப்ரோ தானாகவே 10 மீட்டர் தாங்கும், அதற்கான ஹவுசிங்கில் போட்டால் 60 மீட்டர். டிஜேஐயின் ஆக்‌ஷன் 4 ஹவுசிங் இல்லாமலே 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர். வீடியோவுக்கு, அதுவும் ஆமை பக்கத்தில் வந்து போவது, கூட வந்தவர் கையசைப்பது மாதிரி நினைவுக்காக எடுப்பதற்கு, இதைவிட எளிதானது கிடையாது. எனக்கு இதில் இருக்கிற மனக்குறை ஃபோகஸ்தான். லென்ஸ் நிலையான ஃபோகஸ், ஒரு அடிக்குள் வருவது எதுவும் கூர்மையாக வராது. பவழத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் விரல்நுனி அளவு நண்டு, அனிமோனுக்குள் ஒளியும் கோமாளி மீன் எல்லாம் படத்தில் எறும்பு மாதிரி இருக்கும். ஃப்ளாஷ் கிடையாது, ஸ்ட்ரோப் என்கிற தனி வெளி ஃப்ளாஷ் மாட்ட வழியில்லை, தொடர்ந்து எரியும் வீடியோ விளக்குதான். எடுத்த வீடியோவிலிருந்து ஒரு ஃப்ரேமை வெட்டிப் படமாகப் போடலாம் என்பார்கள். போட்டுப் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்புக்குச் சரி.

"அப்ப கோப்ரோ வேண்டாமா?" என்றான். வீடியோதான் வேண்டும், படம் இரண்டாம் பட்சம் என்றால் அதையே வாங்கு, மேலே கேட்கவே வேண்டாம் என்றேன். படம்தான் வேணும் என்றான். சரி, அப்படியென்றால் பேச்சு காம்பாக்டுக்கு, அதாவது லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமராவுக்கு, வருகிறது.

காம்பாக்டில் இரண்டு சாதி. ஒன்று, தானாகவே தண்ணீர் தாங்குகிற முரட்டுக் கேமரா. இன்னொன்று, நல்ல சென்சார் உள்ள சாதாரண காம்பாக்டை அதற்கென்று செய்த ஹவுசிங்குக்குள் அடைத்துக் கொண்டுபோவது.

முரட்டு வகையில் பெயர் சொல்லத் தக்கது ஒலிம்பஸின் டஃப் வரிசைதான்: 2019-இல் டிஜி-6 வந்தது, 2023-இல் டிஜி-7. இடையில் கம்பெனி கை மாறியதால் புதியதன் மேல் ஓஎம் சிஸ்டம் என்று எழுதியிருக்கும், உள்ளே பெரிய மாற்றம் இல்லை, சார்ஜ் போடுகிற ஓட்டை யுஎஸ்பி-சி ஆகியிருக்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். டிஜி-7 அமெரிக்காவில் வந்தபோது விலை 550 டாலர். சென்சார் சின்னது, 12 மெகாபிக்சல், லென்ஸ் 25-100 மி.மீ., அகலக் கோணத்தில் எஃப்/2.0. காகிதத்தில் பார்த்தால் இதற்குப் போய் இவ்வளவா என்று தோன்றும். ஆனால் இதில் மைக்ராஸ்கோப் என்று ஒரு முறை இருக்கிறது, லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் ஃபோகஸ் ஆகும். தனி லென்ஸ் வாங்காமல், ஒன்றும் மாட்டாமல், டயலைத் திருப்பினால் போதும். மேலே சொன்ன நண்டின் கண்ணை எண்ணலாம். கலங்கின தண்ணீரில் இது எவ்வளவு பெரிய வரம் என்பது புதுச்சேரியில் முங்குகிறவர்களுக்குத் தெரியும்: ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் தூசி இருந்தால் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? தண்ணீர் தெளியாத நாளிலும் படத்தோடு வீடு திரும்பலாம்.

கடலடிக்கென்று தனி வெள்ளைச் சமன், அதாவது படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு, மூன்று இருக்கிறது, மேலோட்டம், நடு, ஆழம் என்று. சென்சார் பார்த்ததைக் குறைக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாகவும் எடுக்கலாம், நான் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஜேபெக்கில் போன சிவப்பைக் கம்ப்யூட்டரில் திரும்பக் கொண்டுவருவது வெறும் மாவில் எண்ணெய் தேடுகிற கதை. பேட்டரி ஒரு சார்ஜுக்கு 330 படம் என்று கணக்கு, இரண்டு டைவ் தாராளமாக ஓடும்.

குறை? முழு மேனுவல் முறை கிடையாது, ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடியாது. இது ஆரம்பத்தில் உறுத்தாது, ஒரு வருஷம் கழித்துச் சூரியனை எதிரே வைத்து நீலத்தைக் கருநீலமாக்க ஆசைப்படும்போது உறுத்தும். வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400 தாண்டினால் படத்தில் மணல் தூவ ஆரம்பித்துவிடும், 800-ஐ நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வேன், அதற்கு மேல் இல்லை.

ஆனால் டிஜி வாங்குகிறவர்கள் சறுக்குகிற இடம் வேறு. 15 மீட்டர் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது, ஹவுசிங் எதற்கு வெட்டியாக என்று நினைக்கிறார்கள். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் எத்தனை மீட்டருக்கு? 18. அட்வான்ஸ்டு முடித்தால் 30. புதுச்சேரியில் கான்கிரீட்டும் கல்லும் போட்டு உண்டாக்கிய செயற்கைத் திட்டே கிட்டத்தட்ட 18 மீட்டரில்தான் இருக்கிறது. கேமரா உங்களைவிட மூன்று மீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். தவிர, அந்தப் 15 மீட்டர் என்பது பேட்டரி மூடியும் கேபிள் மூடியும் மணல் துகள், முடி ஒன்றுமில்லாமல் சரியாக மூடியிருக்கும்போது. அந்த ரப்பரை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிக் கம்பெனியே சொல்கிறது, யார் மாற்றுகிறோம்? ஸ்நார்க்கலிங்குக்கு, அதாவது இலங்கையில் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவிலோ ஹேவ்லாக்கின் ஆழமில்லாத பவழத்திட்டிலோ மூன்று நான்கு மீட்டருக்குள் திரிவதற்கு, வெறும் கேமரா போதும், மிதக்கும் பட்டை ஒன்று மட்டும் கட்டிக்கொள்ளுங்கள், கை நழுவினால் கல் மாதிரி போய்விடும். சிலிண்டர் மாட்டி இறங்குவதென்றால் பிடி-059 ஹவுசிங்கையும் சேர்த்து வாங்க வேண்டும், டிஜி-6, டிஜி-7 இரண்டுக்கும் அதேதான், 45 மீட்டர் வரை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, என் வாயை அடைத்ததும் அதுதான். ஹவுசிங் ஒழுகினாலும் உள்ளே இருப்பது தண்ணீர் தாங்கும் கேமரா. துடைத்துவிட்டு அடுத்த டைவுக்குப் போகலாம். இதன் அருமை என் கதையைக் கேட்டால் புரியும்.

என்னுடைய இரண்டாவது ஏற்பாடு இன்னொரு சாதிக் காம்பாக்ட். ஒரு அங்குல சென்சார், பாலிகார்பனேட் ஹவுசிங். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், தப்பு முழுக்க என்னுடையது. இந்த வகையில் ஊரறிந்தவை சோனியின் ஆர்எக்ஸ்100 வரிசையும் கேனனின் ஜி7 எக்ஸ் வரிசையும். டிஜியின் சென்சாரைவிட இவற்றின் பரப்பு நான்கு மடங்கு, 20 மெகாபிக்சல், ஷட்டரும் துவாரமும் நம் கையில், இருட்டில் சமாளிக்கும் திறமை கண்கூடாகத் தெரியும். நீலப் பின்னணியில் கடல்விசிறியும் அதற்கு மேல் ஒரு டைவரும் என்று அகலமாக எடுத்த படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டிஜி தோற்கும், அதில் விவாதமே இல்லை. மேலே வந்த பிறகும் கல்யாணம், கோயில் திருவிழா என்று கேமரா பிழைக்கும், டிஜியை அங்கே யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள்.

ஆனால் கிட்டே போகும் விஷயத்தில் பாருங்கள். ஜி7 எக்ஸ் மூன்றாம் பதிப்பு அகலக் கோணத்தில் 5 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், ஜூமை இழுத்தால் 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொல்லும். சின்ன உயிர்களை எடுக்க ஹவுசிங்கின் முன்னால் திருகுகிற வெட் லென்ஸ் வாங்கியாக வேண்டும், பல ஹவுசிங்குகளில் 67 மி.மீ. மரை இருக்கும். அகலத்துக்கு இன்னொரு வெட் லென்ஸ். தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றலாம் என்பதால் ஒரே டைவில் அகலமும் எடுக்கலாம், நுணுக்கமும் எடுக்கலாம், பெரிய கேமராக்காரர்களுக்கே இல்லாத வசதி இது. காசும் அதற்கேற்ற மாதிரி. பேட்டரி சின்னது, இதே கேனனுக்கு 235 படம்தான் கணக்கு, அப்படியென்றால் இரண்டு டைவுக்கு நடுவே படகில் வைத்து ஹவுசிங்கைத் திறக்க வேண்டியிருக்கும், ஆடுகிற படகு, ஈரக் கை, தலையிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர். எனக்கு விதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

பேட்டரியை மாற்றிவிட்டு மூடும்போது தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் குறுக்கே ஒரு தலைமுடி. என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை, எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலைமையில் இருக்கிற முடி. இறங்கும்போது பார்க்கவில்லை. 14 மீட்டரில் ஒரு கலவா மீன் பாறைக்கு அடியில் வாயைப் பிளந்துகொண்டிருக்க, கேமராவைத் தூக்கினால் ஹவுசிங்கின் கீழ் மூலையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் அசைகிறது. பதறி மேலே ஓட முடியாது, கேமரா போனால் போகட்டும் நுரையீரல் முக்கியம். மெதுவாக ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன், அந்த மூன்று நிமிடமும் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறுவதை மீன்தொட்டி பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் ஏறும்போது கேமரா செத்திருந்தது. இதிலே வேடிக்கை, ஒழுகல் பெரும்பாலும் நடப்பது ஆழத்தில் இல்லை, முதல் ஒன்றிரண்டு மீட்டரில்தான். ஆழம் போகப் போக அழுத்தமே மூடியை இறுக்கிப் பிடிக்கும். இறங்கின உடனே ஒரு மீட்டரில் நின்று, ஹவுசிங்கைத் திருப்பித் திருப்பிக் குமிழி வருகிறதா என்று பார்த்திருந்தால் படகிலேயே கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

ஹவுசிங் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஒரு மாடலுக்கென்றே வார்த்த சட்டை. செத்த கேமராவுக்கு அடுத்த பதிப்பு கடையில் இருந்தது, என் ஹவுசிங்குக்குள் போகாது, பட்டன் இடம் மாறியிருக்கும். அதே பழைய மாடலைத் தேடி அலைய வேண்டும், இல்லை ஹவுசிங்கைத் தூக்கிப் போட வேண்டும். அலுமினிய ஹவுசிங்குகள் கேமராவின் விலையையே தாண்டும், நாட்டிக்கேம் மாதிரி செய்பவர்களுடையதைக் கையில் எடுத்துப் பார்த்தால் நகைக்கடையில் வளையல் போட்டுப் பார்த்த மாதிரி இருக்கும், விலையைக் கேட்டதும் அதே மாதிரி கழற்றி வைத்துவிடுவோம். அவற்றில் காற்றை உறிஞ்சி வைத்து ஒழுகலை முன்கூட்டியே காட்டும் ஏற்பாடு இருக்கிறது, விளக்கு பச்சையாக எரிந்தால் இறங்கலாம். அது இருந்திருந்தால் என் கதை வேறு.

சீலைஃப் என்ற கம்பெனியின் மைக்ரோ 3.0 மாதிரி, மூடியே இல்லாத கேமராவும் ஒன்று உண்டு. பேட்டரியும் 64 ஜிபி நினைவகமும் உள்ளேயே அடைத்திருக்கும், 60 மீட்டர் தாங்கும், ஓ-ரிங் தொல்லையே இல்லை. முடி கொட்டுகிறவர்களுக்கு ஏற்றது. ஃபோகஸ் நிலையானது என்பதால் நான் மேலே கோப்ரோவுக்குச் சொன்ன குறை இதற்கும் உண்டு.

இனி வெளிச்சம். மச்சினன் ஒரு லட்சத்தில் ஒரு பைசாவும் இதற்கு ஒதுக்கியிருக்கவில்லை, யாரும் ஒதுக்குவதில்லை, நானும் ஒதுக்கவில்லை. என் அபிப்பிராயம், சுமாரான கேமராவோடு ஒரு நல்ல ஸ்ட்ரோப் வைத்திருப்பவன் அருமையான கேமராவை வெறுங்கையோடு கொண்டுபோகிறவனை எந்த நாளும் ஜெயிப்பான். பத்து மீட்டரில் ரா கோப்பு, சிவப்பு ஃபில்டர் என்று என்ன செய்தாலும் இல்லாத நிறத்தை இழுத்து இழுத்து ஒப்பேற்றுவதுதான். விளக்கை ஒரு அடியில் வைத்துப் பளிச்சென்று அடித்தால் சிவப்பு சிவப்பாகவே வரும், அந்த ஒரு அடி தண்ணீர் எதையும் விழுங்குவதற்குள் வெளிச்சம் போய்த் திரும்பிவிடுகிறது.

கேமராவிலேயே இருக்கிற ஃப்ளாஷ் போதாதா? போதாது, கெடுக்கவும் செய்யும். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே நேராக அடிப்பதால் இடையில் மிதக்கும் தூசியெல்லாம் மின்னி, படம் முழுக்கப் பனி பெய்த மாதிரி வெள்ளைப் புள்ளி. ஸ்ட்ரோப் என்பது கை மாதிரி நீட்டி மடக்கும் ஒரு கைக்குழாயில் பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது, வெளிச்சம் ஓரத்திலிருந்து வருகிறது, தூசி அவ்வளவாக மின்னாது. காம்பாக்டின் சின்ன ஃப்ளாஷுக்கு அங்கேதான் உண்மையான வேலை: அது மினுங்கும் மினுங்கலை ஒரு ஃபைபர் ஒளிக்கம்பி ஸ்ட்ரோபுக்கு எடுத்துப் போகும், ஸ்ட்ரோப் அதைப் பார்த்துத் தானும் அடிக்கும். ஹவுசிங்கில் துளை போட வேண்டாம், மின்கம்பி வேண்டாம். இனான் எஸ்-2000, சீ அண்ட் சீ ஒய்எஸ்-03 போன்றவை முதல் ஸ்ட்ரோபாகப் பலர் வாங்கியவை, பழையதாகக் கிடைக்கும்.

தொடர்ந்து எரியும் வீடியோ விளக்கு விலை குறைவு, என்ன வரப்போகிறது என்பது எடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும், புதியவர்களுக்கு அதுவே பெரிய பாடம். அருகில் அசையாமல் இருக்கிற கடல்குதிரை, நத்தை என்றால் அருமை. ஆனால் நகர்கிற மீனை உறைய வைக்கிற வேகம் அதில் கிடையாது, அகலமான காட்சிக்குப் பல ஆயிரம் லுமென் வேண்டும், அப்புறம் சில மீன்கள் விளக்கைக் கண்டதும் அப்படியே திரும்பிப் போய்விடும், அஞ்சாலை மீன் பொந்துக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். நானே ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் டிஜியோடு ஸ்ட்ரோப், கோப்ரோவோடு வீடியோ விளக்கு. ஸ்நார்க்கலிங் மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம், வெயில் உச்சியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நீந்தினால் போதும், மூன்று மீட்டரில் அதைவிட நல்ல விளக்கு யாரும் செய்யவில்லை.

இந்த இடத்தில் அவன், "ஆர்எக்ஸ்100 செகண்ட்ஹேண்ட்ல நல்ல விலைக்கு வருதே மாமா" என்றான். வருகிறது. கையில் ஏற்கெனவே அந்தக் கேமரா இருக்கிறவர்களுக்கு, அதற்கு ஹவுசிங் மட்டும் வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம், நான் டிஜி பக்கம் தள்ளவே மாட்டேன். ஒன்றும் இல்லாமல் புதிதாக ஆரம்பிக்கிறவன் கணக்கு வேறு. ஹவுசிங், நுணுக்க லென்ஸ், கூடுதல் பேட்டரி என்று போன பிறகு ஸ்ட்ரோபுக்கு ஒன்றும் மிஞ்சாது, இருட்டில் நல்ல சென்சாரை வைத்துக்கொண்டு நிற்பான். டிஜியும் ஹவுசிங்கும் பழையதாக வாங்கினால் கிட்டத்தட்ட பாதிப் பணம் மிஞ்சும், அது முழுக்க வெளிச்சத்துக்கு. பழைய ஹவுசிங் வாங்கும்போது மட்டும் ஒரு சோதனை: கேமராவை வைக்காமல் காலியாக மூடி, உள்ளே ஒரு டிஷ்யூ காகிதம் போட்டு, முதல் டைவில் வெறும் பெட்டியாகக் கொண்டுபோய் வாருங்கள். காகிதம் நனைந்ததா என்று பாருங்கள். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஓ-ரிங்கைப் பற்றி வேறு என்ன? விரலால் தடவிப் பார்த்துத் துரும்பு எடுப்பது, அதோடு வந்த கிரீஸை மெலிதாக, பளபளப்பு வருகிற அளவுக்கு மட்டும், தடவுவது. நிறையத் தடவினால் நல்லது என்று நினைத்து அப்பம் மாதிரி அப்புகிறவர்கள் உண்டு, அந்தக் கிரீஸே தூசியைப் பிடித்து வைக்கும். ஹவுசிங்கை முந்தின ராத்திரி ஏசி அறையில், காய்ந்த காற்றில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடிவிடுங்கள், படகின் புழுக்கத்தில் மூடினால் அந்த ஈரம்தான் கீழே போய்க் கண்ணாடியில் படியும். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி உப்பை வெளியேற்ற வேண்டும். விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டுவிட்டுச் சென்னை விமான நிலையத்தில் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லும் அனுபவம் வேண்டாம்.

அப்புறம் அவன் கேட்காமலே நான் சொன்ன ஒன்று. ஹேவ்லாக்கில் முதல் இரண்டு டைவுக்குக் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. மிதப்பு கைவராத ஆள் கையில் கேமரா கொடுத்தால் ஒரு கை பவழத்தைப் பிடிக்கும், துடுப்பு அடிமண்ணைக் கிளப்பும், கண் திரையிலேயே இருக்கும், காற்று மீட்டரைப் பார்க்காது. பவழமும் கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001-இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குக் கொடுத்த அதே இடம். படத்துக்காகக் குச்சியால் கடல்குதிரையைத் திருப்பி வைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அங்கேயே அவர்கள் மாஸ்க்கைக் கழற்றிவிடத் தோன்றும்.

சில சமயம் நினைத்துக்கொள்வேன், 1963-இல் நிக்கோனோஸ் என்ற கடலடி ஃபிலிம் கேமரா வந்தபோது முப்பத்தாறு படம் எடுத்தால் டைவ் முடிந்தது, கீழே ரோல் மாற்ற முடியாது, சரியாக வந்ததா என்று கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். நாம் இருநூறு எடுத்துவிட்டு அங்கேயே திரையில் பார்த்து விளக்கைத் திருப்பிக்கொள்கிறோம். காம்பாக்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்வதே ஒரு சொகுசுதான்.

கடைசியில் அவன் வாங்கியது பழைய டிஜி-6, அதன் ஹவுசிங், ஒரு பழைய எஸ்-2000, எல்லாவற்றையும் பொருத்துகிற ட்ரேயும் ஒரு கைக்குழாயும். ஒரு லட்சத்துக்குள் முடிந்து, இன்னொரு பேட்டரிக்கும் மிஞ்சியது. செப்டம்பரில் இரண்டு முறை புதுச்சேரியில் என்னோடு இறங்கினான், முதல் முறை ஸ்ட்ரோபை நேராக மீனை நோக்கித் திருப்பி வைத்து ஒரு டைவ் முழுக்கப் பனி பெய்ய வைத்தான், அடுத்த முறை வெளிப்பக்கமாகத் திருப்பினான், பாதிப் பனி நின்றது. ஜனவரியில் ஹேவ்லாக்கிலிருந்து நானூறு படம் கொண்டுவந்தான். முக்கால்வாசி நீலம், மீன்களின் வால்கள் நிறைய. மூன்றாம் நாள் எடுத்தது ஒன்று, ஒரு பேத்தை மீன், உப்பாமல் சும்மா கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அதன் கண்ணில் இருக்கிற பச்சைப் பொட்டுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. பத்து சென்டிமீட்டரில் எடுத்தானாம். அதை வீட்டில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு எனக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாமா, செத்துப்போன கேமராவுக்கு நீங்க வாங்கின அந்த வைட் லென்ஸ் சும்மாதானே கிடக்கு? என் ஹவுசிங்ல மாட்ட வளையம் கிடைக்குமான்னு விசாரிச்சிட்டிருக்கேன்."